முட்டி இறங்கும் நேரம்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பளை ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். ஆனையிறவில் இறங்கிப் படம் எடுப்பார்கள். கொடிகாமத்தில் பலாப்பழம் வாங்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தை பஸ் யன்னலால் பார்த்தபடியோ பார்க்காமலோ கடந்துவிடுவார்கள். தென்னை, பனை, வெள்ளை மணல், திரும்பவும் தென்னை. இதில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: கள்ளு. ஒரே மண்ணில், ஒரே வீதியோரத்தில், இரண்டு சாதி மரங்களிலிருந்து காலையும் மாலையும் மது இறங்குகிற ஊர் வேறொரு நாட்டில் இருந்திருந்தால், அதற்கு இந்நேரம் வரைபடம் அச்சடித்து, மரத்துக்கு மரம் பலகை நட்டு, சுற்றுலாப் பயணிகளை வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்.

பிரான்சின் போர்தோ, கலிபோர்னியாவின் நாபா, அவுஸ்திரேலியாவின் பரோசா, இந்தியாவின் நாசிக் ஆகிய இடங்களில் அதுதான் நடக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாகச் சனி ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகப் போகின்றன. புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அந்தக் கூட்டங்களில் இருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும்போது அவர்கள் மச்சான்மாரிடம் வண்டி இரவல் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடலாம் என்று கேட்கிறார்கள். மச்சான்மார் காட்டுவது காரைநகர்க் கடற்கரையை. கிழக்கே திரும்பிப் பளைப் பக்கம் போகச் சொல்கிறவர் குறைவு.

திராட்சை மதுவுக்கும் கள்ளுக்கும் இடையில் பயணிக்கு முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. திராட்சை மது ஆளைத் தேடி வரும். போத்தலில் அடைபட்டுக் கப்பலேறி, பத்து வருடம் கழித்தும் மேசைக்கு வந்து சேரும். கள்ளு அப்படி வராது. பாளையிலிருந்து சொட்டும் சாறு முட்டிக்குள் விழுந்தவுடனேயே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவம் அதில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் அது கள்ளு, இரண்டொரு நாளில் வினாகிரி. இடையில் மூடி போட்டு இறுக்கினால் உள்ளே சேரும் வாயு மூடியைத் தள்ளிவிடும். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் உடன்கள்ளுப் போத்தலை இறுக்க மூடி வைத்தவருக்கு அந்தப் பெட்டியைக் கழுவ அரை நாள் போதாது. சூடாக்கிப் பதப்படுத்தி அடைத்த போத்தல் கள்ளு கடைகளில் கிடைக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் மதுவம் செத்த பிறகு அது வேறு பானம். உண்மையான கள்ளு வேண்டுமென்றால் மரத்தடிக்குத்தான் போக வேண்டும், முட்டி இறங்கும் நேரத்துக்குப் போக வேண்டும். பயணம் போவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பாதை எளிது. யாழ்ப்பாணத்தில் விடியப் புறப்பட்டு, சாவகச்சேரி, கொடிகாமம், முகமாலை தாண்டிப் பளை. அங்கிருந்து கிளாலிக்கு ஒரு விலகல். பிறகு இயக்கச்சி, ஆனையிறவு. பொழுது சாயத் திரும்பி வந்து பளையில் இரவு. மறுநாள் புதுக்காட்டுச் சந்தியால் கிழக்கே திரும்பி, தாளையடி, மருதங்கேணி, நாகர்கோவில், மணற்காடு வழியாகப் பருத்தித்துறை. அதற்கப்பால் திக்கம், பிறகு யாழ்ப்பாணம். எல்லாம் சேர்த்தும் இருநூறு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். முறையான காலம் மாசி தொடக்கம் சித்திரை வரை. மாரி மழை ஓய்ந்து, கடனீரேரியில் தண்ணீர் வற்றாமல் இருக்கும். பனை சீவும் பருவமும் அப்போதுதான் சூடு பிடிக்கும். தென்னை வருடம் முழுவதும் தரும், பனை அப்படியல்ல.

இந்த வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவதற்குத் தனியான ஒரு சரித்திரமும் உண்டு. தொண்ணூறுகளில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் படாத பொருள். வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உசுப்புவதற்குச் சில துளி பெற்றோலைச் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பும். வன்னியில் அந்தக் காலத்துக்கு அடையாளமாக நிற்பது ஹொண்டா எம்.டி.90. இப்போது அதே வீதியில் பல்சரும் எவ்.சட்டும் ஓட்டும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு 2022 இன் எரிபொருள் வரிசை நினைவிருக்கும், மண்ணெண்ணெய்ப் புகை நினைவிராது. குழுவில் ஐம்பது தாண்டிய ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கதைக்கும் உதவும், வேகத்துக்கும் ஒரு கடிவாளம்.

ஓட்டத்துக்கென்று ஒழுங்கு உண்டு. பத்து வண்டி போனால், வழி தெரிந்தவர் முன்னால், நிதானமானவர் கடைசியில். நடுவில் உள்ளவர்கள் நேர்க்கோட்டில் ஒட்டிக்கொண்டு போகாமல், ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று விலகி நிற்க வேண்டும். முன்னால் போகிறவர் திடீரென நிறுத்தினாலும் பின்னால் வருபவருக்கு வழி இருக்கும். ஏ9 அகலமான, வழுவழுப்பான வீதி, அதுவே ஆபத்து. மாடுகள் வீதியில் படுத்திருக்கும். தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எதிரே வரும். ரயில் பாதை வீதிக்கு அருகாகவே ஓடுகிறது. உள்ளொழுங்கைகளுக்குத் திரும்பும்போது காவலில்லாத கடவைகள் வரும். அங்கே நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, ஒவ்வொருவராகக் கடப்பதற்கு வெட்கப்படக் கூடாது. வைகாசிக்குப் பிறகு வந்தால் சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். எழுதுமட்டுவாள் தாண்டி மரங்கள் விலகி வெளி திறக்கிற இடங்களில் பாரம் குறைந்த வண்டிகளை அது ஒரு முழம் தள்ளிவிடும்.

கொடிகாமம் தென்மராட்சியில். பலா, மா, சந்தை, பருத்தித்துறைக்குத் திரும்பும் சந்தி. மிருசுவிலுக்கு அப்பால் வீடுகள் ஐதாகும். முகமாலையில் எல்லாரும் வண்டியை மெதுவாக்குவார்கள்.

2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 திறந்தபோது இந்த இடம்தான் இரண்டு ஆட்சிகளுக்கு இடையிலான வாசல். அங்கே ஒரு சோதனைச்சாவடி, இங்கே ஒன்று, நடுவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி. 2006 ஆவணியில் வாசல் மூடிக்கொண்டது, போர் முனை இங்கேயே வந்து குந்தியது. அந்த ஒடுங்கிய நிலத்தில் விதைக்கப்பட்ட கண்ணிவெடிகளின் நெருக்கம், உலகின் மிக மோசமான வெடிநிலங்களோடு வைத்துப் பேசப்படுகிறது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களின் ஆட்கள், அவர்களில் பலர் இந்த மாவட்டங்களின் பெண்கள், முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வருகிறார்கள். வீதியிலிருந்து பார்த்தால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அவற்றுக்கு அப்பால் தலையில்லாத பனைகள் நின்றன; இப்போது இடையிடையே வடலிகள் தலைகாட்டுகின்றன. படம் எடுக்க வீதியை விட்டு இறங்குவது துணிச்சலில் சேராது, மடத்தனத்தில் சேரும்.

முகமாலையோடு பச்சிலைப்பள்ளி தொடங்கிவிடுகிறது. யாழ்ப்பாண இராச்சியத்தின் நான்கு பெரும் பிரிவுகளில் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சியோடு நான்காவதாக எண்ணப்பட்ட நிலம் இது. 1984 இல் கிளிநொச்சி மாவட்டம் பிரிந்தபோது இது அந்தப் பக்கம் போனது. ஆகவே நிர்வாகத்தில் பளை வன்னி, நிலத்தில் குடாநாடு. இரண்டு பக்கமும் தனது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் மறந்தும் விடலாம். பெரும்பாலும் நடந்தது இரண்டாவது.

மேற்கே கடனீரேரி, கிழக்கே பெருங்கடல், நடுவே மணல். மணலுக்குக் கீழே கையெட்டும் ஆழத்தில் நன்னீர். தென்னைக்கு இதைவிட என்ன வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் இங்கே தோட்டம் போட வந்தது இதனால்தான். பளை, மிருசுவில், கொடிகாமம் என்று இந்தப் பட்டியில் நீண்ட தோப்புகளில் பலவற்றுக்கு அந்தக் காலத்து எல்லைகள் இன்னும் இருக்கின்றன. போரில் எறிகணை முதலில் தின்றது இந்தத் தலைகளைத்தான். தென்னைக்கும் பனைக்கும் குருத்து ஒன்றுதான். அது போனால் மரம் தூணாகிவிடும். மிஞ்சிய பனைகளில் எத்தனையோ பதுங்குகுழிக்குக் குற்றியாகப் போயின. இன்று அரசாங்கம் வடக்குத் தென்னை முக்கோணம் என்ற பெயரில் பேசுவதெல்லாம், இந்த மண் தன் பாட்டில் முன்பே செய்துகொண்டிருந்த வேலையைத்தான்.

பளைச் சந்தியில் தேநீர் குடிக்கும் குழு, எதிரே உள்ள ரயில் நிலையத்தையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், 2014 மார்ச் 4 ஆம் திகதி பளை வரை வந்தது. யாழ்ப்பாணத்தை அடைந்தது அந்த வருடம் ஒக்டோபர் 13 இல். இடைப்பட்ட ஏழு மாதங்கள் வடக்குக்கான ரயிலின் கடைசி நிலையம் பளை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இங்கே இறங்கி பஸ் பிடித்தார்கள். பளை என்ற பெயரைத் தெற்கு மக்கள் அதிகம் உச்சரித்த காலம் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கிருந்து மேற்கே புலோப்பளை வழியாகக் கிளாலிக்கு ஒரு வீதி இறங்குகிறது. இந்த முழுப் பயணத்திலும் மோட்டார் சைக்கிளுக்கென்றே போட்டது போன்ற துண்டு இது. போக்குவரத்து இல்லை. இருபக்கமும் தோப்பு. தோப்பு முடிய, வெளி. வெளியில் வெள்ளை வெளேரென்று காற்றாலைகள். புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் இரண்டு காற்றாலைப் பண்ணைகள் 2014 இல் எழுந்தன. வட மாகாணத்துக்கு இவைதான் முதல். காற்றாலைக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெற்றைக் கழற்றினால், இறக்கை காற்றை அறுக்கும் சத்தம் தலைக்குமேல் கேட்கும். குழுக்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கின்றன. எடுக்கட்டும். ஆனால் கிளாலிக்கரை வரை போய்விட்டுத் திரும்புவது நல்லது.

1990க்குப் பிறகு ஆனையிறவால் போக முடியாமற்போன வருடங்களில் குடாநாட்டு மக்களுக்கு வெளியே போகும் வழி இந்தக் கரைதான். இரவில் வள்ளத்தில் ஏறி, வெளிச்சமில்லாமல், கடனீரேரியைக் கடந்து வன்னிக் கரையில் இறங்குவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன மாணவரும், கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளரும், கல்யாணத்துக்குப் போன மணப்பெண்ணும் அந்த வள்ளங்களில் இருந்தார்கள். எல்லாரும் கரை சேரவில்லை. 1993 ஜனவரியில் வள்ளங்கள் தாக்கப்பட்டதைக் கிளாலி மறக்கவில்லை. புனித யாகப்பர் ஆலயம் கரையில் நிற்கிறது. மீனவர் இறால் வலையைக் காய விடுகிறார்கள். ஏ9 வீதியில் எண்பதில் பறக்கலாமே என்று துடிப்பவரை, ஒரு கால்மணி நேரம் இந்தக் கரையில் உட்கார வைத்தால் போதும்.

இயக்கச்சியில் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையொன்றின் சிதைவு பற்றைக்குள் கிடக்கிறது. பக்கத்திலேயே பண்ணைச் சுற்றுலா என்று புதிய வாசல்கள் திறந்து, வார இறுதியில் பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள் வந்திறங்குகின்றன. ஆனையிறவில் நிலம் ஒடுங்கி, இருபக்கமும் தண்ணீர். பெயரே சொல்வதுபோல, யானைகள் இந்த ஆழமில்லாத நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. அவற்றைப் பிடித்துக் கப்பலேற்றி ஒல்லாந்தர் பணம் பண்ணினார்கள். 1991 இலும் 2000 ஏப்ரலிலும் 2009 ஜனவரியிலும் இந்தக் கழுத்துக்காக நடந்த சண்டைகள் எல்லாரும் அறிந்தவை. சண்டை பற்றிய நினைவுச்சின்னத்தில் கூட்டம் நிற்கும். உப்பளத்தில் ஆள் குறைவு. எழுதுகிறவருக்குப் பிடித்தது உப்பளம். போரோடு அழிந்து, வருடக்கணக்கில் கிடந்து, மெல்ல மீண்டு, 2025 மார்ச்சில் மேசை உப்பு ஆலையும் திறந்துகொண்ட இடம் அது. வெயில் காலத்தில் பாத்திகளின் ஓரம் வெள்ளை பூத்திருக்கும். அந்த வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது கஷ்டம்.

பொழுது சாயும்போது குழு பளைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் பிந்தக் கூடாத ஒரே இடம் இது.

சீவல் தொழிலாளியின் நாள் விடிய முன்னே தொடங்குகிறது, இருட்டும்போது முடிகிறது. காலில் தளைநார், இடுப்பில் கூரிய பாளைக்கத்தி, ஒரு முட்டி. பனையில் ஏறி, விரியாத பாளையை நாரால் வரிந்து கட்டி, நாட்கணக்கில் நசித்துப் பதப்படுத்தி, பிறகு நுனியை வெற்றிலை தடிப்பில் சீவி விடுவார். தென்னம்பாளையானால் தட்டித் தட்டிப் பழக்க வேண்டும். தட்டு கூடினால் பாளை கருகிவிடும், குறைந்தால் சுரக்காது. எவ்வளவு தட்டுவது என்பது கையில் இருக்கிற அறிவு, எழுதி வைக்க முடியாது. காயம் ஆறிவிடாமல் காலையும் மாலையும் ஏறி மறுபடி சீவ வேண்டும். ஒருநாள் தவறினால் அந்தப் பாளை போய்விட்டது. அதனால் சீவல் தொழிலாளிக்குச் சனி ஞாயிறு கிடையாது. மற்றவர்களுடைய சனி ஞாயிறை நடத்தித் தருகிறவர் அவர்.

முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி வைத்தால் நொதித்தல் நின்றுவிடும். அது கருப்பணி, குழந்தைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை. சாதுவா போக்கிரியா என்பதைத் தீர்மானிப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. தென்னையில் வேறொரு கணக்கும் உண்டு. சீவுகிற பாளையில் தேங்காய் வராது. 2024 இன் கடைசியில் நாடெங்கும் தேங்காய் விலை ஏறியபோது, ஒரு மரத்தைக் காய்க்கு விடுவதா கள்ளுக்கு விடுவதா என்று தோட்டக்காரர்கள் விரல் மடித்துப் பார்த்திருப்பார்கள்.

இறக்கிய கள்ளு போகுமிடம் தவறணை. கொழும்புக்காரர் இதை மதுக்கடை என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்து போவார். ஒரு கொட்டகை, வாங்குகள், பிளாஸ்ரிக் வாளி, அளக்கும் போத்தல், பக்கத்தில் கடலை விற்கும் ஆச்சி. பனையோலையில் மடித்த பிளாவில் குடிக்கும் வழக்கம் அருகிவிட்டது. கேட்டால் சில இடங்களில் சிரித்துக்கொண்டே மடித்துத் தருவார்கள். “அண்ணை, உடன்கள்ளோ?” என்பது வழமையான கேள்வி. “இப்ப இறக்கினது தம்பி” என்பது வழமையான பதில். உண்மை பொய்யை நாக்கு சொல்லிவிடும். உடன்கள்ளில் இனிப்பு முன்னே நிற்கும், புளிப்பு பின்னே வரும், நுரை மூக்கில் ஏறும். பிந்தியதில் புளிப்பு மட்டும்தான். பனங்கள்ளா தென்னங்கள்ளா மேல் என்று தவறணையில் வாதம் தொடங்கினால் போத்தல் முடியும், வாதம் முடியாது.

இந்தக் கொட்டகைக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. முன்னொரு காலத்தில் தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்த முதலாளிமார் ஒருபுறம், மரம் ஏறுகிறவர் மறுபுறம். இலாபம் மரம் ஏறாதவரிடம் போனது. ஏறுகிறவருக்குக் கூலியோடு சாதி இழிவும் கிடைத்தது. அவர் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்தவர்கள் அவரைத் தங்கள் கிணற்றில் அள்ள விடவில்லை, கோயிலுக்குள் விடவில்லை, தேநீர்க்கடையில் சமமாக இருத்தவில்லை. 1972 இல் வந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் யாழ்ப்பாணத்தின் இந்த முகத்தைத்தான் உரித்துக் காட்டியது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில்தான் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, சீவுகிறவரே தவறணையின் பங்காளியானார். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. வடக்கில் தொழிலாளரின் நிலையை நேரடியாக மாற்றிய கூட்டுறவு முயற்சிகளில் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும். குறைகள் இல்லையென்று சொல்ல முடியாது. மரத்தால் விழுந்து முதுகு முறிந்தவருக்குக் கிடைக்கும் உதவி இன்றும் அற்பம். அவரது மகன் ஏற மறுப்பதில் வியப்பு என்ன?

பாக்கு நீரிணைக்கு அந்தப்பக்கம் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பனையை மாநில மரமாக வைத்துக்கொண்டு, பாளையைச் சீவினால் வழக்குப் போடுகிறார்கள். அரசாங்கமே சீமைச் சரக்கு விற்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடை, பலகை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு வரச் சொல்கிறது. மீன்கறிக்காகவே ஆட்கள் போகிறார்கள். பளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தடையும் இல்லை, விருந்தோம்பும் ஏற்பாடும் இல்லை. பெண்கள் தவறணை வாசலில் நின்று மரத்தைப் பார்க்கவே தயங்குகிறார்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தோப்பு நிழலில் கருப்பணியும் கூழும் ஒடியல் பிட்டும் கொடுத்து, மரமேறும் அண்ணையைக் கொண்டே தொழிலை விளக்க வைத்தால், அவருக்கும் அதில் ஒரு கூலி கிடைத்தால், பளைக்கு வேறு சுற்றுலாத் திட்டம் தேவைப்படாது.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பு கிடையாது. வண்டிச் சாவி பைக்குள் போன பிறகுதான் பிளா கைக்கு வர வேண்டும். கள்ளு மெல்லியது, பியர் அளவுதான் என்று சொல்லிக்கொண்டு இரண்டு போத்தலோடு வண்டி ஏறுகிறவர் குழுவில் இருந்தால், அவரை விட்டுவிட்டுப் போவதே நல்லது. பொலிஸார் ஊதச் சொல்வார்கள் என்ற பயத்தை விடப் பெரிய பயம், இரவு ஏ9 வீதியில் விளக்கில்லாமல் நிற்கும் உழவு இயந்திரப் பெட்டி. தங்கல் பளையிலோ இயக்கச்சியிலோ இருக்கட்டும். கிளாலி இறாலில் பிரட்டல், கூனி இறால் சம்பல், அவித்த மரவள்ளிக் கிழங்கு. காலையில் பாலப்பம், அதன் மாவைப் பொங்க வைத்ததும் முதல் நாள் கள்ளுத்தான். குடிக்காதவர்களும் அப்பத்தில் கள்ளுக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை வேறு முகம். புதுக்காட்டுச் சந்தியில் கிழக்கே திரும்பினால் சோரன்பற்றுத் தோப்புகள். அவை முடியக் கடல் மணக்கும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நிற்கிறது. 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி திறக்கப்பட்ட இது, நாளுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்காகச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. தெற்கே போனால் சுண்டிக்குளம். 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015 இலிருந்து தேசியப் பூங்கா. மாசி மாதத்தில் பூநாரைகள் இருக்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் அவற்றுக்குப் பிடிக்காது. தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு நடந்து போகிறவர்களுக்கு அவை காட்சி தரும்.

வடக்கே மருதங்கேணி, நாகர்கோவில் என்று கரையோரமாக நீளும் வீதி வடமராட்சி கிழக்கு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்தக் கரையை வழித்துக்கொண்டு போனது. திருப்பிக் கட்டிய வீடுகளுக்கு இடையில் வெறும் அத்திவாரங்கள் இன்னும் தெரிகின்றன. வீதியில் மணல் ஏறிக் கிடக்கும். வளைவில் பிரேக்கை அழுத்தினால் வண்டி சறுக்கும். மணற்காட்டில் மணல் மேடுகள் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கின்றன. பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் பாதி மணலுக்குள். அருகே சவுக்குத் தோப்பில் காற்று இரைகிறது. மணல் மேட்டில் வண்டியை ஏற்றிப் பார்க்க ஆசைப்படுவோர் உண்டு. சங்கிலியிலும் வளிவடிகட்டியிலும் மணல் புகுந்து, திங்கட்கிழமை மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்கும்போது அந்த ஆசை தீரும்.

பருத்தித்துறைக்கு மேற்கே திக்கம். மரத்தடியில் தொடங்கிய கதையின் அடுத்த கட்டம் இங்கேதான். கூட்டுறவுச் சங்கங்களின் கள்ளைக் காய்ச்சி வடித்துப் பனஞ்சாராயம் ஆக்கிய திக்கம் வடிசாலை, பருவத்தில் மிஞ்சும் கள்ளு வினாகிரியாகி வீணாகாமல் தொழிலாளிக்குக் காசாக மாறுவதற்கான ஏற்பாடு. சித்திரை வைகாசியில் பனைகள் தேவைக்கு மேல் சுரக்கும். தவறணை எவ்வளவைத்தான் விற்கும்? மிச்சத்தை வாங்க ஒரு வடிசாலை இருந்தால்தான் மரத்தில் ஏறுவதற்குப் பொருள் உண்டு. போர் அதை முடக்கியது. பிறகு அதை யார் நடத்துவது என்ற இழுபறி வருடக்கணக்கில் பத்திரிகைச் செய்தியாக ஓடியது. அடுப்பு அணைந்த ஒவ்வொரு பருவத்திலும் இழப்பு மரத்தில் நின்றவருக்குத்தான்.

கடைசித் தரிப்பு யாழ்ப்பாண நகரத்தில். உண்மையான திராட்சை மது வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1928 இல் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் தொடக்கிய செபமாலைத் தாசர் சபை, றோசேரியன் என்று எல்லாரும் அறிந்த சபை. அதன் கன்னியர் மடத்தில் ‘றோசெற்றோ’ என்ற பெயரில் இனிப்பான மது கிடைக்கும். கறுவாவும் கராம்பும் மணக்கும். கூடவே திராட்சை ரசமும் நெல்லி ரசமும். வலிகாமத்துச் செம்மண்ணில் திராட்சைப் பந்தல்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. இந்தப் போத்தல்கள் பெட்டிக்குள் வெடிக்காது, வீடு வரை போகும். பயணத்தின் சுவை எது என்று கேட்டால் விடை அதில் இல்லை. அந்தச் சுவை முந்தின நாள் மாலை பளையிலேயே முடிந்துவிட்டது.

போக நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கொடிகாமத்தில் பெற்றோலை நிரப்பிக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் நிரப்பு நிலையம் அரிது. சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்காதீர்கள். மரம் ஏறுகிறவரைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், இறங்கி வந்த பிறகு கைகொடுங்கள், போத்தலுக்குச் சொன்ன விலைக்கு மேல் ஒரு தொகை வைத்துவிட்டு வாருங்கள். புறப்பட முன் நாட்காட்டியையும் ஒருதரம் பாருங்கள்: சனி ஞாயிறில் பூரணை விழுந்தால், போயா தினச் சட்டப்படி அன்றைக்குத் தவறணை பூட்டு.